நிழல் பிடிக்க மறந்த நாரை

ஏரி நடுவே ஒரு நீர்க்கடம்ப மரம். அதன் உச்சியில் ஒரு நாரை இரண்டு முட்டைகள் இட்டிருந்தது. வெயில் ஏறினால் சிறகை விரித்து முட்டைகளுக்கு நிழல் பிடிக்க வேண்டும். ஆண் நாரை நத்தை தேடப் போனால் பெண் நாரை பிடிக்கும். பெண் போனால் ஆண் பிடிக்கும். யாரும் பிடிக்காவிட்டால் முட்டை வெந்துபோகும். அதற்குள் காகம் முந்திக்கொண்டாலும் வியப்பில்லை.

பக்கத்துக் கிளையில் ஒரு காகம் மூன்று நாளாகக் காத்திருந்தது. கூடு ஒரு நொடியும் காவலில்லாமல் இருக்கவில்லை.

அன்று ஆண் நாரை நத்தை தேடப் போயிருக்க, தாய் நாரை காவல் இருந்த நேரம், இமயத்தைத் தாண்டி வந்த வாத்து ஒன்று கரையில் இறங்கியது. பல ஊர்த் தண்ணீர் குடித்த பறவை. தமிழும் ஓரளவு பேசும். காகம் பறந்து போய், நாரையின் காதில் விழும்படி அதனிடம் கேட்டது:

"வாத்தண்ணே, ஊர் ஊராப் போறவரு நீங்க. எந்த மொழிதான் ஒழுங்கான மொழி?"

வாத்துக்குக் கேட்கவா வேண்டும்? வடக்கத்தி மொழியில் எல்லாச் சொல்லுக்கும் பால் உண்டு, கல் ஆண்பால், நதி பெண்பால், மீசைகூடப் பெண்பால்தான் என்று பெருமையாகச் சொன்னது. நாரை மேலிருந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தது. வாத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"உங்க ஊர் மட்டும் என்னவாம்? கல், தங்கம், பகல், மூணுக்கும் மூணு சத்தம். எழுத்து என்னவோ ஒரே 'க'தான். எழுத்துக்கு அவ்வளவு பஞ்சமா?"

காகம் நடுவில் புகுந்தது. இன்னொரு மொழியில் எழுதினாலும் ஒலிக்காமல், பந்திக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் எழுத்துகள்கூட உண்டாம், அதற்கு நம் நாரையக்கா மொழி தேவலை என்று தூபம் போட்டது.

"தேவலையா?" நாரைக்குச் சுருக்கென்றது. "எங்க ழகரத்தை உங்க வாத்தண்ணன் ஒரு தடவை எழுதட்டும், பார்ப்போம்!"

எப்படி எழுதுவது என்று காட்ட, நாரை சிறகை மடக்கிக் கரையில் இறங்கியது. ஈர மண்ணில் அலகால் ஒரு ழகரம் வரைந்தது. சுழி சரியில்லை என்று அழித்தது. மறுபடி வரைந்தது. எவ்வளவு அழகு! அதையே பார்த்துக்கொண்டு நின்றது, பாவம்.

நிமிர்ந்து பார்த்த வாத்து பதறிவிட்டது. பதற்றத்தில் யாருக்கும் தாய்மொழிதானே வரும்? வாத்து வடக்கத்தி மொழியில் கத்தியது. நாரையோ அதையும் ஓர் உதாரணம் என்று நினைத்துக்கொண்டு, "இதுல வினை எங்க வருது?" என்று கேட்டது.

வாத்து சிறகை நீட்டிக் கூட்டைக் காட்டியது. அங்கே மஞ்சள் கரு ஒட்டிய அலகோடு காகம் நின்றிருந்தது. நாரை பாய்ந்து விரட்டியதில் ஒரு முட்டை மிஞ்சியது.

சற்று நேரத்தில் ஆண் நாரை நத்தையோடு திரும்பியது. கூட்டை எட்டிப் பார்த்தது. "இன்னொண்ணு எங்கே?" என்று மெதுவாகக் கேட்டது.

அத்தனை மொழிகளின் நியாயம் பேசிய தாய் நாரை, மிஞ்சிய முட்டைக்கு மேல் சிறகை விரித்து நிழல் பிடித்தது.

தன் மொழியே உசத்தி என்று வாதாடக் கிளம்புகிறவர்கள், கூட்டுக்கு யார் காவல் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.