வெளியே போட்ட தாழ்ப்பாள்

பொட்டுக் கோழியின் ஆறு முட்டைகளையும் கீரி குடித்துவிட்டது. பட்டப்பகலில், குளக்கரைத் தாழம்புதரில், எல்லோரும் பார்த்திருக்கக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனது. ஆனால் காட்டுச் சபை கூடி அடைத்து வைக்க முடிவு செய்தது பொட்டுவையும் அவள் அக்கா செவலையையும்தான். கேட்டீர்களா நியாயத்தை?

சிறை என்று யாரும் சொல்லவில்லை. பாதுகாப்பு என்றார்கள்.

அந்தக் குளக்கரைக்கு முதன்முதலாக வந்த கோழிகள் அவர்கள் இருவரும். ஊரில் தங்களைக் கவிழ்த்து வைத்த பஞ்சாரக் கூடையைப் புரட்டித் தள்ளிவிட்டு ஓடி வந்தவர்கள். பகலெல்லாம் மண்ணைக் கிளறித் தின்பார்கள். பொழுது சாய்ந்தால் நாவல் மரத்தின் உச்சிக் கிளையில் ஒட்டி உட்கார்ந்து தூங்குவார்கள். கீரி கீழே நின்று அண்ணாந்து பார்க்கும். அந்த உயரத்துக்கு ஏற அதற்கு வராது.

"நம்ம காட்டுக்குக் கோழி வந்ததே பெருமை! அதுங்களுக்கு ஒரு கூடு கட்டணும்" என்றது சபைத் தலைவரான கிழட்டு எருமைக்கடா. குரங்கு மூங்கில் வெட்டியது. நாரை கோரைப்புல் கொண்டுவந்து கூரை வேய்ந்தது. பேன் வராமலிருக்க வேப்பிலை, முட்டையிட வைக்கோல், தண்ணீருக்குக் கொட்டாங்குச்சி. குறை சொல்ல முடியாத ஏற்பாடு!

செவலை சுற்றி வந்து பார்த்தாள். தரையை ஒரு கிளறு கிளறினாள். பொலபொலவென்று மணல் பறந்தது.

"குரங்கண்ணே, தரை மணலா இருக்கே! கீரி அரை நாழிகையில தோண்டிடுமே. கல் பதிக்கலாமே?"

"வைக்கோலைப் போட்டா மணல் தெரியவா போகுது?" என்றது குரங்கு.

"சரி, தாழ்ப்பாள் ஏன் வெளியே இருக்கு?"

"உள்ளே போட்டா நீங்க நெனச்ச நேரத்துக்கு வெளியே போவீங்களே!"

"அதுக்குப் பேருதானே அண்ணே கதவு?"

நாரை சிரித்துவிட்டது. எருமை முறைத்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டது.

"இதோ பாரும்மா" என்று எருமை தொண்டையைச் செருமியது. "பொழுது சாயறதுக்குள்ள அடையணும். விடிஞ்ச பிறகு குரங்கு வந்து திறக்கும். காலம் கெட்டுக் கிடக்கு."

"காலம் கெடல பெரியவரே, கீரிதான் கெட்டுக் கிடக்கு! முட்டையைக் குடிச்சது அது. அடைக்கிறதுன்னா அதோட வளையை அடைங்க."

"கீரியோட சுபாவம் அப்படி. நாமதான் பார்த்து நடந்துக்கணும்."

"நாமன்னா யாரு? நீங்களுமா? உங்களை அடைக்கிற கொட்டில் எங்கே இருக்கு, காட்டுங்க பார்ப்போம்!"

எருமையின் காது விடைத்தது. "வாயைப் பார்த்தீங்களா இவளுக்கு! பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியப் போகுது?"

சபை கொல்லென்று சிரித்தது. அத்தோடு வழக்கு முடிந்தது. கேள்விக்குப் பதில் இல்லாதவர்களுக்குப் பழமொழி எப்போதும் கைகொடுக்கும்.

பொட்டு அக்காவின் இறக்கையை மெல்லக் கொத்தி இழுத்தாள். "விடு அக்கா. நமக்காக இவ்வளவு பாடுபட்டிருக்காங்க. எதுக்கெடுத்தாலும் வாதாடாதே. எனக்கு இந்தத் தடவை குஞ்சு வேணும், அவ்வளவுதான்."

அந்த ஒரு வார்த்தைக்காக மட்டுமே செவலை உள்ளே போனாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

பொட்டு ஏழு முட்டை இட்டு அடையில் உட்கார்ந்தாள். இரை எடுக்கக்கூட அதிகம் எழுந்திருக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல் கேட்டது. "அக்கா! என்னைக் கூப்பிடுது!" என்றாள். செவலையும் காதை வைத்துக் கேட்டாள்.

அன்று அத்திமரத்தில் பழம் பழுத்திருந்தது. வெயில் தாழும் முன்பே குரங்கு தாழிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது.

சற்று நேரத்தில் வைக்கோலுக்கு அடியில் நகம் மண்ணைப் பிராண்டும் சத்தம்!

"கீரி! கீரி தோண்டுது! கதவைத் திறங்க!" செவலை மூங்கிலில் மோதி மோதிக் கத்தினாள்.

குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் கிடந்த எருமை கண்ணைத் திறக்கவில்லை. "ஆரம்பிச்சுட்டா வழக்காட" என்றது. நாரை ஒரு காலை மாற்றி வைத்துக்கொண்டது.

மணலை உதறிக்கொண்டு கீரி தலையை நீட்டியது. சுற்றிலும் பார்த்தது. "அட, நல்ல வீடு! இனிமே புதர் புதரா அலைய வேண்டாம்" என்றது.

"பொட்டு, எழுந்து வா! மேலே வா!"

"எங்கே அக்கா வர்றது? தலைக்கு மேலே கூரைதானே இருக்கு" என்றாள் பொட்டு. முட்டைகளின் மேல் இறக்கையை இன்னும் அகல விரித்துக்கொண்டாள்.

செவலை கீரியின் முகத்தில் பாய்ந்தாள். கொத்தினாள், காலால் கிழித்தாள். ஒரு பக்க இறகெல்லாம் பிய்ந்தது. கீரி அவளைச் சுவரோரம் எறிந்துவிட்டுப் பொட்டுவின் கழுத்தைக் கவ்வியது. பிறகு நிதானமாக ஏழு முட்டைகளையும் உடைத்தது. வந்த வழியே போனது. அந்த ஓட்டை அதன் உடம்புக்கு மட்டும்தான் போதும்.

விடிந்தது. குரங்கு திறந்தது. செவலை யாரையும் பார்க்காமல் நாவல் மரத்துக்கு ஓடினாள். பாதி இறக்கையோடு கிளை கிளையாகத் தாவி உச்சிக்குப் போய், பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு கோழிக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

கீழே சபை கூடியது. நாரை கண்ணீர் விட்டது. எருமை நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னது: "ஒரு தாழ்ப்பாள் பத்தல. இனிமே ரெண்டு போடுவோம். செவலை, இறங்கி வாம்மா!"

செவலை மிச்சமிருந்த இறகுகளை அலகால் கோதிக்கொண்டாள்.

"என்ன பேச்சையே காணோம்? எதுக்கும் வாதாடுவியே! பதில் சொல்லு!"

செவலை பக்கத்திலிருந்த வெற்றுக் கிளையை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியாதுதான் பெரியவரே, ஆனா, திருடனைத் திரியவிட்டுப் பறிகொடுத்தவளைப் பூட்டி வைக்கிற காட்டுக்கு எந்தச் சேவல் கூவினாலும் விடியாது!"