இரண்டாம் காவலுக்கு இட்ட பொட்டு

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. சாத்திரங்களில் இதற்குத் தடை எதுவும் இல்லை.

குருவின் பெயர் இன்பவல்லி. நெட்வொர்க் வேலை கற்றுத் தரும் மாலை வகுப்பு ஒன்றை நடத்தினார். சீடர் கஜபதி, தொலைபேசித் துறையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர். படிப்பு முடிந்து ஆறு வருடம் ஆகியும் இவர் 'டீச்சர்' என்பதை விடவில்லை, அவர் 'அண்ணே' என்பதை விடவில்லை.

கஜபதி இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அதற்கு நான்கு கிளைகள். கிளைகளில் மூளையை ஸ்கேன் எடுப்பார்கள். படத்தைப் பார்த்து என்ன ஊசி போடுவது என்று சொல்லும் டாக்டர் தலைமை ஆஸ்பத்திரியில் இருந்தார். படங்கள் எல்லாம், இரண்டாம் மாடியில் குளிரூட்டிய அறையில் இருந்த ஃபயர்வால் பெட்டி வழியாகத்தான் உள்ளே வரும். வருவது யார், எங்கிருந்து என்று அது பார்க்கும். தன் பட்டியலில் இருந்தால் விடும், இல்லாவிட்டால் விடாது. வாயிற்காவலர் வேலைதான். ஒரே வித்தியாசம், இந்தக் காவலர் மயங்கி விழுந்தால் கதவு திறந்துகொள்ளாது, மூடிக்கொள்ளும்.

போன வருடம் மூடிக்கொண்டது. ஐம்பது நிமிடம். அந்த நேரம் பார்த்து, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கிளையில் செவந்தியம்மாள் என்ற தையல்காரரின் ஸ்கேன் படம் உள்ளே வர முடியாமல் காத்திருந்தது. செவந்தியம்மாள் பிழைத்தார். அவருடைய வலது கை பிழைக்கவில்லை.

அன்று பணியில் இருந்தவர் கஜபதி.

தை மாதம் இரண்டாவது ஃபயர்வால் வந்தது. முதல் பெட்டி வேலை செய்யும். இரண்டாவது, ஒரு கேபிள் வழியாக முதல் பெட்டியின் நாடியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். நாடி நின்றால் எழுந்து வேலையைத் தான் எடுத்துக்கொள்ளும். எட்டு மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் கஜபதி பதிவேட்டில் 'இரண்டும் நலம்' என்று எழுதி வந்தார். இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது.

ஆயுத பூசையன்று குருவை வரச் சொல்லியிருந்தார்.

இன்பவல்லி வந்தபோது பூசை முடிந்திருந்தது. பெட்டிகளின் முன்னால் ஒரு தட்டில் பொரி, பொட்டுக்கடலை, வாழைப்பழம். இரண்டு பெட்டிகளுக்கும் சந்தனம், குங்குமம். காற்றுத் துளைகளில் படாமல் விரல் நுனியால் வைத்த பொட்டு. இரண்டாவது பெட்டியின் முகத்தில், வாங்கிய அன்று ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. பொட்டு அந்தத் தாளின் மேல் இருந்தது.

கஜபதி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"மலையடிவாரத்துல இன்னும் மூணு கிளை திறக்கறாங்க, டீச்சர். இதுவரைக்கும் அந்த ஊர்க்காரங்களுக்கு ஒண்ணுன்னா ஆம்புலன்ஸ்ல இங்க ஓடி வருவாங்க. இனி அங்கயே படம் எடுத்து அனுப்பிட்டு, பதிலுக்குக் காத்திருப்பாங்க. இணைப்பு நிக்காதுன்னு நான் கையெழுத்துப் போடணும்."

"போடுங்க."

"போடலாமான்னு உங்களைக் கேக்கறேன்."

இன்பவல்லி கொஞ்சம் பொரியை அள்ளிக்கொண்டார்.

"அண்ணே, உங்க வீட்டுல இன்னைக்கு அரிவாள்மனையை எடுத்தாங்களா?"

"எப்படி எடுப்பாங்க? பொட்டு வச்சு ஓரமா வச்சிருக்கு. இன்னைக்குக் காய் நறுக்கக் கூடாது. சாப்பாடு ஓட்டல்ல."

"ஸ்கூட்டர்?"

"அதுவும் வாசல்ல நிக்குது. பஸ்ல வந்தேன்."

"இது மட்டும் ஓடிட்டிருக்கே."

"இது நிக்கக் கூடாத ஆயுதம், டீச்சர்."

"அதுக்குத்தானே ரெண்டு வாங்கினீங்க?"

இன்பவல்லி பொரியைத் தின்று முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, முதல் பெட்டியைக் காட்டினார்.

"பெரியவனுக்கு ஓய்வு கொடுங்க, அண்ணே."

"இப்பவா?"

"இப்ப ஏன் வேணாம்?"

"ஆளுங்க உயிரு, டீச்சர்."

"டாக்டரைக் கூப்பிடுங்க."

கஜபதி ஸ்கேன் படிக்கும் டாக்டர் பீர்முகமதுவைப் போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"என்ன கஜபதி, மாப்பிள்ளையைக் கொண்டுவந்து எட்டு மாசமா மணவறையிலயே உக்கார வச்சிருக்கீங்க. இன்னைக்குத்தான் தாலி கட்ட விடப் போறீங்களா?"

"டாக்டர், பத்து நிமிஷம் படம் எதுவும்..."

"இப்ப எதுவும் இல்ல. நாலு கிளைக்கும் சொல்லிடறேன். அந்தப் பத்து நிமிஷத்துல யார் வந்தாலும் வண்டியில ஏத்தி நேரா இங்க அனுப்பட்டும். ஆனா பத்துன்னா பத்து."

ஐந்து நிமிடம் கழித்து டாக்டரே திரும்ப அழைத்தார். எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

கஜபதி முதல் பெட்டியின் பின்னால் போய் நின்றார். சுவிட்சில் விரல் வைத்தார். எடுத்தார். வேட்டி நுனியில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

இன்பவல்லி வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை.

சுவிட்ச் விழுந்தது. முதல் பெட்டியின் மூச்சு அடங்கியது. இரண்டாவது பெட்டியின் விசிறி சட்டென்று உரக்கச் சுழன்றது.

"எழுந்திருச்சு!" என்றார் கஜபதி.

"நல்லது. ஒவ்வொரு கிளையா பேச வைங்க."

கஜபதி மடிக்கணினியில் பார்த்தார். முதல் கிளை பேசியது. இரண்டாவது பேசியது. மூன்றாவதும் பேசியது.

நான்காவது பேசவில்லை.

"எந்தக் கிளை?"

கஜபதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எந்தக் கிளை?"

"அக்கரை."



"பட்டியலைப் பாருங்க," என்றார் இன்பவல்லி.

இரண்டாவது பெட்டியின் பட்டியலில் அக்கரைக் கிளையின் பழைய முகவரி இருந்தது. செவந்தியம்மாளுக்கு நேர்ந்ததற்குப் பிறகு, ஆறு தடவை மேலிடத்தில் மன்றாடி, அக்கரைக்கு மட்டும் நல்லதாக ஒரு புதிய இணைப்பு வாங்கினார் கஜபதி. அது புதிய முகவரியோடு பங்குனியில் வந்தது. அந்த முகவரியை அன்றே முதல் பெட்டியில் எழுதினார். இரண்டாவது பெட்டி வந்தது தை மாதம். அது தையிலேயே நின்றுவிட்டது.

"பெரியவன்ல எழுதினா சின்னவனுக்குத் தானா நகல் போகுமே. போகலையா?"

"நான்தான் நிறுத்தி வச்சேன்."

"எப்ப?"

"வந்த அன்னைக்கே."

"ஏன்?"

"என் கை தப்பா எதையாவது எழுதிட்டா, ரெண்டும் சேர்ந்து கெட்டுப்போகும்ல, டீச்சர். ஒண்ணாவது சுத்தமா இருக்கட்டும்னு யாரையும் தொட விடல. நானும் தொடல."

இன்பவல்லி பிளாஸ்டிக் தாளைப் பார்த்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"போன வருஷமே ரெண்டாவது இருந்திருந்தா, அந்தம்மா கை..."

"இன்னைக்குக் காலையில இருந்த மாதிரி இருந்திருந்தா?"

கஜபதி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆறு நிமிஷம் ஆச்சு, அண்ணே. பெரியவனை எழுப்புங்க."

எழுப்பினார். நான்கு கிளைகளும் பேசின. டாக்டருக்குத் தகவல் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எட்டு மாதமாக மூடி வைத்த நகல் வழியைத் திறந்தார். பெரியவனிடமிருந்து சின்னவனுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உதடு அசைய, வரிவரியாகப் படித்து ஒப்பிட்டார். மத்தியானச் சாப்பாட்டு வேளை தாண்டியது. இன்பவல்லி மிச்சமிருந்த பொரியைத் தின்று தீர்த்தார்.

"மறுபடி டாக்டர்கிட்ட பத்து நிமிஷம் கேளுங்க."

கேட்டார். கிடைத்தது. இந்த முறை கஜபதி விரலைத் துடைத்துக்கொள்ளவில்லை. சுவிட்ச் விழுந்தது. சின்னவன் எழுந்தான். முதல் கிளை, இரண்டாவது, மூன்றாவது.

அக்கரை பேசியது.

கஜபதி இன்னொரு தடவை அக்கரையைப் பேச வைத்துப் பார்த்தார்.

போன் அடித்தது. டாக்டர்.

"கஜபதி, நானும் கம்ப்யூட்டரையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன். எப்பதான் நிறுத்தப் போறீங்க?"

"நிறுத்தியாச்சு, டாக்டர்."

"எப்ப?"

"மூணு நிமிஷமாச்சு."

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. "சரி. அப்ப வண்டிகளை வரச் சொன்னதை நிறுத்தச் சொல்லிடறேன்," என்று போனை வைத்தார்.

கஜபதியின் கை தானாக முதல் பெட்டியின் சுவிட்சுக்குப் போனது.

"எங்க போறீங்க?" என்றார் இன்பவல்லி.

"பெரியவனை எழுப்ப வேணாமா?"

"அரிவாள்மனையை எப்ப எடுப்பாங்க?"

"நாளைக்குக் காலையில."

"இவனையும் அப்ப எழுப்புங்க. நடுவுல சின்னவன் தடுமாறினா மட்டும் உடனே எழுப்புங்க."

கஜபதி கையை எடுத்துக்கொண்டார். பிறகு சின்னவன் முன்னால் குனிந்து, முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பி, மெதுவாக உரித்தார். தாளோடு பொட்டும் வந்துவிட்டது. சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து, வெறும் தகரத்தின் மேல் புதிதாக ஒரு பொட்டு வைத்தார்.

மேசையில் கிடந்த காகிதத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"இப்ப போடலாமா, டீச்சர்?"

"மறுபடி எப்ப நிறுத்திப் பார்ப்பீங்க?"

"அடுத்த ஆயுத பூசைக்கு."

இன்பவல்லி அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினார்.

கஜபதி அவசரமாகச் சொன்னார்: "ஆறு மாசத்துக்கு ஒருக்க."

பேனா திறக்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க, டீச்சர். எவ்வளவு நாளைக்கு ஒருக்க நிறுத்தணும்?"

"சுவிட்சுல கை வைக்கும்போது பயமா இருந்துச்சா?"

"முதல் தடவை உயிரே போயிடுச்சு. ரெண்டாவது தடவை அவ்வளவு இல்ல."

"அந்தப் பயம் இருக்கிற வரைக்கும், மாசம் ஒருக்க."

"பயம் சுத்தமா போயிட்டா?"

இன்பவல்லி, வாராவாரம் 'இரண்டும் நலம்' என்று எழுதியிருந்த பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பேனாவை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"வாரம் ஒருக்க."