ஒச்சப்பர் எழுந்து நின்றது

குன்றின் மேலிருக்கும் வேலவன் கோயிலுக்கு ஏறும் கற்படிகளைத் தினமும் கூட்டி வந்தவர் ஒச்சப்பர். எண்பது தாண்டியும் விளக்குமாற்றை விடவில்லை. படியைக் கூட்டுவார், தொட்டுக் கும்பிடுவார், மேலே ஏறுவார். சஷ்டி, கார்த்திகை என்று விரதம் தவறாதவர். அதனால் பசியே எடுக்காமல் போனபோது அவர் பயப்படவில்லை. "என் பசியை முருகன் வாங்கிக்கிட்டான்" என்று மகிழ்ந்தார்.

"பெருசு சித்தரா ஆயிருச்சுப்பா! இனிமே பறந்தேதான் மலையேறும்" என்று அடிவாரத்துத் தேங்காய்க் கடைக்காரர் கேலி பேசினார். ஒச்சப்பரும் கூடச் சேர்ந்து சிரித்தார். உடம்போ இளைத்துக்கொண்டே வந்தது. மலம் கறுத்துப் போய், ஒருநாள் படியிலேயே மயங்கி விழுந்தார். மகள் மீனாள் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்றுநோய்.

"அறுக்காட்டி ரத்தம் கசியும், சாப்பாடு போற வழி அடைக்கும். அறுத்தா தையல் விட்டுப்போகலாம், நெஞ்சுல சளி கட்டலாம். இந்த வயசுல எந்திரிக்காமலே போனவங்களும் உண்டு" என்று மருத்துவரம்மா மறைக்காமல் சொன்னார்.

மீனாள் கலங்கினார். "சாமி முன்னால செவப்பும் வெள்ளையுமாப் பொட்டலம் போட்டுப் பூக்கட்டிப் பாத்துருவோம்ப்பா. வெள்ளைப்பூ வந்தா அறுப்போம்."

"வேணாந்தாயி. அவன் எதைக் குடுத்தாலும் எனக்குச் சம்மதம். அவனைப் போய் பொட்டலத்துல வச்சுக் கேக்கவா?" என்ற ஒச்சப்பர், மருத்துவர் பக்கம் திரும்பினார். "ஏந்தாயி, பையை அறுத்துட்டா சோறு எங்கிட்டுப் போகும்?"

மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாதியை விட்டு வச்சு, குடலோட சேத்துத் தைச்சுருவோம் ஐயா."

"அட! தைக்கிற துணியா அது?" என்று வியந்தார் பெரியவர்.

ரத்தம் ஏற்றித் தெம்பு வந்தபின், மாடிப்படி ஏறிக் காட்டச் சொன்னார் மருத்துவர். ஒச்சப்பர் பேசிக்கொண்டே ஏறினார். கூட வந்த மீனாளுக்குத்தான் மூச்சு வாங்கியது. "வயசைவிட இந்தத் தெம்புதான் பெருசு. செய்வோம். ஆனா உறுதி சொல்ல மாட்டேன்" என்றார் மருத்துவர்.

அறுவை முடிந்தது. அதன்பின் பெரியவர் கண் திறக்கவே மனமில்லாதவர்போல் கிடந்தார். நர்ஸ் எழுப்பி நடத்தப் பார்த்தும் முடியவில்லை. நெஞ்சில் கரகரப்பு ஏறியது. மருத்துவர் பயந்தது அதற்குத்தான்.

ஒரு மத்தியானம் சட்டென்று விழித்து, கால்களைத் தரையில் ஊன்றினார்.

"எதுக்குப்பா எந்திரிக்கிறீக?" என்று பதறினார் மீனாள்.

"அவன் வந்து நிக்கிறான்ல தாயி! நான் படுத்துக் கிடக்கலாமா?"

கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். நிற்க நிற்க இருமல் வந்தது. கட்டியிருந்த சளி கழன்றது.

"ஆபரேசனுக்கப்புறம் வயசானவங்களுக்கு இப்படித் தோணும், சரியாயிரும். ஆனா எந்திரிச்சார் பாருங்க, அதுதான் அவரைக் காப்பாத்துச்சு" என்றார் மருத்துவர்.

எழுப்பியது யார் என்று மீனாள் கேட்டார். மருத்துவர் அந்தக் கால்மாட்டைத் திரும்பிப் பார்த்தார்.

உயிர் ஊசலாடிய நேரத்திலும் தன் சாமியை நிற்க வைத்துத் தான் படுத்திருக்கத் தெரியாத ஒச்சப்பரின் பாதங்களுக்கு நம் கும்பிடு.