உத்தண்டியின் ஒற்றைக் கீற்றுக் கூரை

கோணக்கரையில் யோசனைக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்ததால் மற்ற வீடுகள் பிழைத்தன. மூத்தவர் உத்தண்டி. அவருக்குக் கீழே சன்னாசி, அமாவாசை, கலியன் என்று மூன்று தம்பிகள். மற்றவர்கள் ஒரு தடவை யோசித்து முடிக்கிற காரியத்தை இவர்கள் நாலு தடவை யோசித்துக் கெடுப்பார்கள்.

அந்த ஐப்பசியில் உத்தண்டிக்கு வீட்டுக் கூரையைப் பற்றித்தான் கவலை. போன மழைக்கு, வெளியே விட்ட பிறகும் உள்ளே அரை நாள் பெய்த கூரை அது. மகள் வள்ளிக்கண்ணுவுக்கோ ஒன்பதாம் மாதம். "வெள்ளிக்கிழமை நானே கொண்டுவந்து விடுறேன். ஆனா கூரையைப் பார்ப்பேன். சரியில்லேன்னா அப்படியே திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்" என்று சம்பந்தி வடுகப்பர் சொல்லியனுப்பியிருந்தார்.

உத்தண்டிக்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்பினால் ஊரில் தலைகாட்ட முடியுமா? அதைவிட, பிள்ளை அழுதுகொண்டே போவாளே! 

செவ்வாய்க்கிழமை காலையில் கூரை வேய்கிற சிகாமணியைக் கூப்பிட்டார். சிகாமணி வீட்டைச் சுற்றி வந்தார், காலடி வைத்து அளந்தார், அண்ணாந்து பார்த்தார்.

"முந்நூறு கீத்து வேணும்ணே. ஒண்ணுமேல ஒண்ணு பாதி ஏறணும், அப்பத்தான் ஒழுகாது. பழசைப் பிரிச்சுப் போட்டுட்டு, கீத்தை வாங்கித் தயாரா வையுங்க. வியாழக்கிழமை வர்றேன்."

பழசைப் பிரிக்கிற வேலை மதியத்துக்குள் முடிந்தது. பிரிப்பதில் அந்தச் சகோதரர்களை யாரும் குறை சொல்ல முடியாது. வெறும் மூங்கில் சட்டம் மட்டும் மேலே நிற்க, அதன் கீழே நாலு பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள்.

"அண்ணே, ஒண்ணுமேல ஒண்ணு பாதி ஏறினா, கீழே இருக்கிறதுல பாதி மறைஞ்சுடுமே?" என்றான் சன்னாசி.

உத்தண்டிக்குச் சுருக்கென்றது. பிரித்துப் போட்டதில் இரண்டு பழைய கீற்றை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி தரையில் வைத்துப் பார்த்தார். சன்னாசி சொன்னது சரிதான். பாதி மறைந்து போயிருந்தது.

"மறையிற பாதியை எவன் பாக்கப்போறான்? அதுமேல மழைதான் விழப்போகுதா, வெயில்தான் விழப்போகுதா? சும்மா படுத்துத் தூங்குறதுக்கு நாம ஏன் கீத்து வாங்கணும்?" என்று கொதித்தார்.

"அப்ப நூத்தைம்பது போதும்" என்றான் அமாவாசை.

அடுப்படியில் இருந்த செம்பாயி, உத்தண்டியின் பெண்டாட்டி, கரண்டியோடு வந்து நின்றாள். "வேலை தெரிஞ்ச மனுஷன் முந்நூறுன்னு சொல்லிட்டுப் போனா, முந்நூறு வாங்கிப் போடுங்களேன். இதுல யோசிக்க என்ன கிடக்கு?"

"யோசிக்காம வாங்கித்தான் நம்ம பாட்டன் காலத்துலேருந்து ஏமாந்து கிடக்கோம்" என்றார் உத்தண்டி.

நூற்றைம்பதுக்கு ஆள் அனுப்பியிருந்தாலும் பாதி வீடாவது நனையாமல் இருந்திருக்கும். ஆனால் கலியன் அதுவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. திறந்தான்.

"அந்த நூத்தைம்பதும் ஒண்ணுமேல ஒண்ணு பாதி ஏறணுமில்ல?"

"ஏறணும். சிகாமணி சொல்லியிருக்காரே!"

"அதுலயும் பாதி மறையுமில்ல?"

தம்பியின் மூளையை மெச்சி உத்தண்டி அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். எழுபத்தைந்து ஆனது. அதில் பாதி முப்பத்தேழரை. அரைக் கீற்றை எந்தத் தென்னையும் கொடுக்காது என்பதால் அரையைத் தள்ளினார்கள். முப்பத்தேழு பதினெட்டானது, பதினெட்டு ஒன்பதானது, ஒன்பது நாலானது. பொழுது சாய்வதற்குள் ஒன்றில் வந்து நின்றது.

"இந்த ஒண்ணுலயும் பாதியை வெட்டலாமா?" என்று அமாவாசை அரிவாளை எடுத்தான்.

"டேய் டேய்! இது மேல ஏற இன்னொண்ணு ஏது? மறைக்க ஆளில்லாத கீத்து முழுசாத்தான் இருக்கணும். எதுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா?" என்று உத்தண்டி தடுத்துவிட்டார்.

மறுநாள் நாலு பேரும் சந்தைக்குப் போய், நாற்பது கட்டைப் புரட்டிப் போட்டு, ஓட்டை இல்லாத ஒரே ஒரு கீற்றை எடுத்து, ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வியாழக்கிழமை சிகாமணி வந்தார். கீற்றைப் பார்த்தார். மீதி எங்கே என்று வீட்டின் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உத்தண்டி முந்நூறிலிருந்து ஒன்று வரைக்கும் இறங்கி வந்த வழியைப் பொறுமையாக விளக்கினார். சிகாமணிக்கு மீசை துடித்தது.

"அண்ணே, இதை உங்க தலைமேல கட்டிக்குங்க. உள்ளே ஒண்ணும் இல்லாத இடத்துக்கு இது தாராளம்!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

"பாத்தியா, ஒண்ணு தாராளம்னு அவரே ஒத்துக்கிட்டார்" என்றார் உத்தண்டி.

தம்பிகள் கயிறு கொண்டுவந்து அண்ணன் தலையில் கீற்றைக் குறுக்காக வைத்துத் தாடையோடு சேர்த்துக் கட்டினார்கள். கீற்று இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடி நீட்டிக்கொண்டிருந்ததால் அவர் வாசற்படியில் பக்கவாட்டாகத்தான் நுழைய முடிந்தது. செம்பாயி தலையில் அடித்துக்கொண்டு, பெண்ணுக்காக மாட்டுக் கொட்டகையைக் கூட்டி மெழுகினாள். அந்தக் கூரையை யாரும் கணக்குப் பார்க்காததால் அது ஒழுகாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை கொட்டோ கொட்டென்று மழை. தாழங்குடையின் கீழே வள்ளிக்கண்ணுவை நடத்திக்கொண்டு வடுகப்பர் வந்து சேர்ந்தார். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பானைகள் மிதந்தன. தம்பிகள் மூவரும் கோழிக் குஞ்சு மாதிரி நனைந்து நடுங்கினார்கள். நடுவீட்டில் உத்தண்டி கீற்றோடு நிமிர்ந்து நின்றார்.

"கூரை எங்கே சம்பந்தி?"

"இதோ!"

வடுகப்பர் கிட்டே வந்தார். உத்தண்டியின் தலையைத் தடவினார், தோளைத் தடவினார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. கணக்கைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண் கலங்கியது. செம்பாயி, பெண்ணைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாரே என்று முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"முப்பது வருஷமா எங்க வீட்டு மேல அறுநூறு கீத்து அனாவசியமாக் கிடக்கு. இதுவரைக்கும் ஒரு பய சொல்லலியே! இவ்வளவு விவரமான வீட்டுல பிறக்க என் பேரப்பிள்ளை கொடுத்துவைக்கணும். பொண்ணு இங்கேயே இருக்கட்டும்" என்றார் வடுகப்பர்.

செம்பாயி மகளை இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். உத்தண்டிக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. முழங்காலுக்கு மேலே அவர் நனைந்த இடம் கண் ஒன்றுதான்.

வாசலைத் தாண்டிய வடுகப்பர் சந்தேகத்தோடு திரும்பினார்.

"சம்பந்தி, எங்க வீடு உங்க வீட்டுக்கு ரெண்டு மடங்காச்சே. எங்களுக்கு ரெண்டு கீத்து வேண்டாமா?"

சகோதரர்கள் நாலு பேரும் தண்ணீரில் நின்றபடியே கூடிப் பேசினார்கள். பிறகு உத்தண்டி பக்கவாட்டாக வெளியே வந்தார்.

"ரெண்டு வெச்சா பாதி மறைஞ்சு வீணாப் போயிடும் சம்பந்தி. பேசாம வீட்டைப் பாதியா இடிச்சுடுங்க. ஒண்ணே போதும்."

வடுகப்பர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, இவர்கள் வீட்டுக் கடப்பாரையையே இரவல் வாங்கிக்கொண்டு மழையில் வேகமாக நடந்தார்.