சாட்சி சொல்ல வந்த காளை

மாடுகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேற்கே பிராங்குகள் என்றொரு கூட்டம் இருந்தது. அவர்களுக்கு ராஜாவின் அடையாளம் கிரீடமல்ல, கூந்தல். ராஜ குடும்பத்தில் பிறந்தவன் தலையில் கத்தரி படவே கூடாது. கூந்தல் போனால் சிம்மாசனமும் போய்விடும்; நேரே மடத்துக்குப் போய்த் துறவியாக வேண்டியதுதான்.

ஹில்டமுந்த் ராஜாவுக்கு வைக்கோல் நிறத்தில் இடுப்புவரை கூந்தல். அதைச் சீவுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை கிடையாது. சண்டை, வழக்கு எல்லாவற்றையும் அரண்மனைத் தலைமை அதிகாரி ராடவால்ட் பார்த்துக்கொண்டார். வருஷத்துக்கு ஒருமுறை ராஜா மாட்டுவண்டியில் ஏறிப் பெரிய சபைக்குப் போய், தலையைக் காட்டிவிட்டு வருவார். வண்டியை இழுத்தது செவலை என்ற காளை. ராஜாவின் பேச்சை மதித்துக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான், பாவம்.

ராடவால்டுக்குச் சிம்மாசனத்தின்மேல் ஒரு கண். ஆனால் ராஜாவின் கூந்தலில் இரும்பு வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். அதனால் அந்த வருஷம் சபைக்குக் கிளம்புமுன் இரண்டு நாள் செவலைக்குத் தீவனமே போடவில்லை.

நடுவழியில், மத்தியான வெயிலில், வண்டியை அவிழ்த்துப் போட்டார்கள். உள்ளே ராஜா குறட்டை விட்டார். கூந்தல் வண்டியின் ஓரமாகத் தொங்கியது. பசியில் கண் இருண்டுபோயிருந்த செவலை, வைக்கோல் என்று நினைத்து ஒரு வாய் கடித்தது. பிறகு இன்னொரு வாய். ராஜா விழித்தபோது காதுவரைகூட மிச்சமில்லை.

சபை கூடியது. ராடவால்ட் வெறுங்கையை விரித்துக் காட்டி, கத்தரியே படவில்லை, ராஜாவின் கூந்தல் தானாக உதிர்ந்துவிட்டது என்றார். இது சதி என்று யாராவது சாட்சி சொன்னால், கூந்தல் வளரும்வரை காத்திருக்கலாம் என்றார்கள் பெரியவர்கள். ராஜா காளையிடம் ஓடினார்.

"செவலை, நடந்ததைச் சொல்லப்பா. உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா?"

செவலைக்கும் பட்டினி கிடந்த கதையைச் சொல்ல ஆசைதான். ஆனால் வாய் நிறைய முடி. துப்பினால் வரவில்லை. விழுங்கினால் திரும்ப மேலே வந்தது. மறுபடி மென்றது. சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்த சபை, ராடவால்டைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது.

மடத்துக்குக் கிளம்பிய ராஜா, காளையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"பரவாயில்லை. மெதுவா மென்னு முடி. அப்புறம் சொல்லு, நான் காத்திருக்கேன்."

செவலையின் கண் கலங்கிவிட்டது.

மாடுகள் பேச்சை விட்டது அன்றுதான். நின்றாலும் படுத்தாலும், ஈரக் கண்ணோடு இன்றைக்கும் அசைபோட்டுக்கொண்டே இருக்கின்றன. வாய் காலியானதும் சாட்சி சொல்ல வேண்டுமல்லவா?