பிறை ஒன்று, தேதி இருபத்தொன்று

ஒரே நாளுக்கு இரண்டு பெயர் வைத்து, இரண்டையும் ஒரே அட்டையில் அச்சடித்தால் என்ன ஆகும்? அதுதான் கதை. பதிலை முதலில் பார்க்கிற ஆள் என்றால் இப்போதே போய்விடலாம்.

தோப்புவாடி ஒரு கடற்கரை ஊர். அங்கே சபூரா என்று ஒரு பெண். வயது இருபத்தேழு. வாப்பா மௌத்தாகி, தகப்பன் இல்லாமல் எட்டு வருஷம். காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன்மார் இருவர். மூத்தவன் நெய்னார் ஊர்ப் பிறைக் கமிட்டியில் இருப்பவன். நம் கரையில் நின்று நம் கண்ணால் பிறையைப் பார்க்க வேண்டும், தெரியாவிட்டால் நோன்பை முப்பதாக்க வேண்டும் என்பான். இளையவன் ரியாஸ் கணக்குக்காரன். உலகத்தில் எந்த மூலையில் பிறை தெரியுமென்று கணக்குச் சொன்னாலும் உலகம் முழுக்க மாதம் பிறந்தாயிற்று என்று சொல்லும் காலண்டர் ஒன்று அவன் அறையில் தொங்கியது. ஒரே வீட்டில் வருஷம் தவறாமல் இரண்டு பெருநாள். போன வருஷம் இந்தச் சண்டையைப் பார்த்தே ஒரு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள்.

இந்த வருஷம் வந்த மாப்பிள்ளை தமீம். புருனேயில் வேலை. நோன்பு மாதம் முடிந்து ஷவ்வால் மாதம் பிறக்கும் பெருநாளன்றே நிக்காஹ் என்று முடிவானது. வலியாக, பெண்ணின் பொறுப்பாளராக, நின்று தங்கையை ஒப்படைக்க வேண்டிய நெய்னார், ஜமாஅத்தார் முன்னால் வாக்குக் கொடுத்தான்: "நம்ம கரைக் கணக்குல ஷவ்வால் பொறக்காம தங்கச்சியக் கட்டிக்கொடுக்க மாட்டேன்." ரியாஸ் மாப்பிள்ளையின் உம்மாவுக்கு வாக்குக் கொடுத்தான்: "இருபத்தொண்ணாம் தேதி தாண்டாது மாமி." அந்தத் தேதி அவன் காலண்டர் ஆறு மாதம் முன்பே சொன்ன தேதி.

அட்டை வந்தது. மேல் வரி, ஷவ்வால் பிறை 1. கீழ் வரி, தேதி 21. நெய்னார் மேல் வரியைப் படித்துத் தலையாட்டினான். ரியாஸ் கீழ் வரியைப் படித்துத் தலையாட்டினான். இரண்டையும் சேர்த்துப் படித்தவள் சபூரா ஒருத்திதான்.

"ரெண்டும் ஒண்ணா வரலன்னா என்ன காக்கா செய்வீங்க?"

"வரும்," என்றார்கள் இருவரும். அவர்கள் ஒற்றுமையாகச் சொன்னது அந்த ஒன்றுதான்.

வரவில்லை.

இருபதாம் தேதி, வியாழன். நோன்பு இருபத்தொன்பது. மேற்கே மேகம் சுவர் மாதிரி நின்றது. சூரியன் விழுந்து பாங்கு கேட்டதும், அந்த வியாழன் சாயங்காலமே வெள்ளி ராவு பிறந்துவிட்டதென்று பக்கத்து வீட்டில் யாசீன் ஓத உட்கார்ந்துவிட்டார்கள். நெய்னார் இன்னும் கொஞ்ச நேரம் வானத்தை முறைத்துவிட்டு மாடியிலிருந்து இறங்கினான்.

"பிறை இல்ல. நாளைக்கு முப்பதாவது நோன்பு. சனிக்கிழமைதான் பெருநாள்."

"பிறை இருக்கு காக்கா. உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்," என்றான் ரியாஸ். "பசிபிக்ல பளிச்சுன்னு தெரியும்."

"அப்ப அங்க இருக்கிற மீனுக்குப் பெருநாள் வாழ்த்துச் சொல்லு."

"தொழுவுறதுக்கு மட்டும் கடிகாரம் பார்க்குறீங்க? கம்ப நட்டு நிழல அளக்க வேண்டியதுதானே?"

இந்தப் பேச்சைச் சபூரா பதினைந்து வருஷமாகக் கேட்கிறாள். ஒரு வார்த்தை மாறவில்லை. கையில் இருந்த மருதாணிக் கிண்ணத்தை ஓங்கி வைத்தாள்.

அப்போது மாப்பிள்ளையின் உம்மா சபூராவின் போனில் ஸ்பீக்கரில் வந்தார். "சனிக்கிழமை விடியக்காலம் புள்ள திருச்சில பிளேன் ஏறணும். அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழிச்சு. தேதி தாண்டினா நாங்க வேற எடம் பார்த்துக்குவோம்மா. கோவிச்சுக்காத." வைத்துவிட்டார்.

ரியாஸ் சட்டைக் கையை மடித்தான். "நானும் கூடப் பிறந்தவன்தான். நானே வலியா நின்னு காலைல பத்து மணிக்கு முடிச்சுவைக்கிறேன்."

"முடி. நான் அந்தப் பந்தல்ல கால் வைக்க மாட்டேன்," என்றான் நெய்னார்.

"ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா?" என்றாள் சபூரா. "ஒரு காக்காவ வாசல்ல நிறுத்திட்டு இன்னொரு காக்கா கட்டிவைக்கிற கல்யாணம் எனக்கு வேணாம். ஒருத்தர் வாக்கு ஒடைஞ்சுதான் நான் வாழணும்னா அதுவும் வேணாம். நான் இப்படியே இருந்துக்கிறேன். நீங்க ஆயுசுக்கும் வானத்தப் பாருங்க."

கொல்லைப்புறத்திலிருந்து பண்டாரி காசிம்கனி எட்டிப் பார்த்தார். முன்னூறு பேருக்குச் சமைக்க வந்தவர்.

"தாயி, அடுப்ப எப்பப் பத்தவைக்க? காலைல ஆக்கினா, முன்னூறு பேரும் நோன்போட சட்டியச் சுத்தி உக்காந்திருப்பாங்க. சனிக்கிழமை ஆக்கினா, மாப்பிள்ள வானத்துல பறந்துக்கிட்டிருப்பாரு."

சபூரா அட்டையை எடுத்து இரண்டு வரியையும் மறுபடி படித்தாள். பிறகு பண்டாரி கிட்டே போய், நிக்காஹ் நடக்கிற நேரத்தைச் சொன்னாள். பண்டாரி தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அதையே காக்காமாரிடமும் சொன்னாள். நெய்னார் விரல் மடக்கி எண்ணிப் பார்த்துத் தலையாட்டினான். ரியாஸும் அப்படியே.

மூத்தவன் வாக்கும் பிழைக்க வேண்டும். இளையவன் வாக்கும் பிழைக்க வேண்டும். மாப்பிள்ளை விமானத்தைப் பிடிக்க வேண்டும். வந்தவர்கள் சாப்பிட வேண்டும். சபூரா சொன்ன நேரம் எது?

விடை: வெள்ளிக்கிழமை மாலை, நோன்பு திறந்து மக்ரிபு தொழுத கையோடு. அன்றைக்கு முப்பது நோன்பும் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் மாதத்துக்கு நாள் கிடையாது. பிறைக் கணக்கில் நாள் தொடங்குவது சூரியன் விழும்போதுதான் என்பதால், மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்று சூரியன் விழுந்ததும் நெய்னாரின் கணக்கில் ஷவ்வால் பிறை ஒன்று பிறந்தாயிற்று. ரியாஸின் இருபத்தொன்றாம் தேதிக்கோ இரவு பன்னிரண்டு மணி வரை உயிர் இருக்கிறது. இரண்டு பேருக்கும் இது தெரியாததல்ல. எதிராளியின் தப்பைத் தேடுகிறவனுக்கு இதெல்லாம் ஞாபகம் வராது. நெய்னார் வலியாக நின்றான், ரியாஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டான், தமீம் விமானம் ஏறினான். பெருநாள் வெள்ளியா சனியா என்ற சண்டை தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். அது கேட்ட கேள்வியில் இல்லை.