சைவக் குளம்

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு சைவ மடம் இருந்தது. மடத்துக் குளத்துக்கும் கழிமுகத்துக்கும் நடுவே ஒரு மதகு. கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். மீன்களும் அப்படியே வந்து போகும். யாரும் அவற்றைப் பிடிப்பதில்லை.

மடத்தின் குரு குமுதவல்லி அம்மை. அவருடைய மூத்த சீடர் தாண்டவர் அவரைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். ஆசாரத்தில் குருவையும் மிஞ்சியவர்.

ஒருமுறை அம்மை வடக்கே யாத்திரை போனார். அந்தச் சமயத்தில்தான் குளத்தையும் சைவமாக்கிவிட வேண்டும் என்று தாண்டவருக்குத் தோன்றியது. மீனுக்குத் தீட்சை கொடுக்கும் முறை எந்த நூலிலும் இல்லாததால், வேறு வழி செய்தார். கழியில் வலை வீசிப் பிழைக்கும் காத்தமுத்துவைக் கூப்பிட்டார்.

காத்தமுத்து மதகில் அடைக்கும் பாசியை அகற்றுபவர். மத்தியானம் மடத்துப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிடுபவர். அவர் குளத்தில் வலை வீசி, தாண்டவர் காட்டிய கெளுத்தி, மடவை, கொடுவா மீனையெல்லாம் உயிரோடு கழியில் விட்டார். தாண்டவர் கண்ணுக்குச் சைவமாகத் தெரிந்த கெண்டைகள் மட்டும் மிஞ்சின. மற்ற மீன்கள் திரும்பி வராதபடி மதகுக்கு இடைவெளி இல்லாத மூங்கில் தட்டி ஒன்றும் கட்டிக் கொடுத்தார்.

வேலை முடிந்ததும் தாண்டவர் சொன்னார், "இனிமே பந்திக்கு வர வேண்டாம்ப்பா. உன் மேல கவுச்சி அடிக்குது. சோத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பறேன்."

காத்தமுத்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கொடுத்தனுப்பிய சோறு அப்படியே திரும்பி வந்தது.

அம்மை திரும்பி வந்தபோது மதகுத் தட்டியில் பாசி அடைத்து, குளம் பச்சையாகக் கிடந்தது. கெண்டைகள் வாயைப் பிளந்து மேலே மிதந்தன. பாதி செத்திருந்தன. வாசல் வரைக்கும் நாற்றம்.

"கெளுத்தி எங்கே தாண்டவரே?"

"வெளியே விட்டாச்சு தாயே. அது அழுகினதைத் தின்னுது."

"இப்ப அழுகினதை யார் தின்னுறா?"

தாண்டவர் காலடியில் ஒதுங்கிய செத்த மீனைக் குச்சியால் தள்ளினார்.

"மடவை?"

"எந்நேரமும் சேத்தைக் கிளறுது. தண்ணி கலங்குது."

"கொடுவா?"

"அது குஞ்சுகளைக் கொல்லுதே தாயே! சிவன் குளத்துல அதைப் பாத்துக்கிட்டு எப்படி இருக்கிறது?"

"கொல்லாம விட்ட குஞ்செல்லாம் எங்கே?"

தாண்டவர் குளத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஒரே தண்ணியில தின்னுறதும் தின்னப்படறதும் சேர்ந்து இருக்கலாமா தாயே? அதுல தர்மம் எங்கே இருக்கு?"

"முதல்ல செத்ததை அள்ளுங்க," என்றார் அம்மை.

அள்ள ஆள் கிடைக்கவில்லை. மடத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "காத்தமுத்துவைக் கூப்பிட்டா நொடியில முடிச்சிருவாரு," என்றார் சமையற்காரர். தாண்டவருக்கு முகம் சுண்டிப்போனது. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவரே குளத்தில் இறங்கினார். இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தென்னை மரங்களுக்கு அடியில் புதைத்தார். கடைசியில் மதகுத் தட்டியையும் பிடுங்கிப் போட்டார்.

உடம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். சீயக்காய் போட்டுத் தேய்த்தார். எலுமிச்சம்பழத்தையும் விடவில்லை. நாற்றம் போகவில்லை.

பந்தி தொடங்கியிருந்தது. தாண்டவர் நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"ஏன் அங்கேயே நிக்கிறீங்க?" என்று கேட்டார் அம்மை.

"என் மேல கவுச்சி அடிக்குது தாயே."

"ஆமா, அடிக்குது. வந்து உக்காருங்க."

"கடைசியில ஒதுங்கி உக்காந்துக்கறேன்."

"அது காத்தமுத்து இடமாச்சே. அவர் ஏன் இன்னைக்கு வரலை?"

"இப்பல்லாம் வர்றதில்லை."

"ஏன்?"

பந்தியில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தாண்டவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன்."

"என்ன சொல்லி?"

"கவுச்சி அடிக்குதுன்னு."

அம்மை அடுத்த இலைக்குக் குழம்பு ஊற்றப் போனார்.

"நாளைக்கே ஆள் அனுப்பிக் கூப்பிடறேன் தாயே."

"வர வேண்டாம்னு ஆள் அனுப்பியா சொன்னீங்க?"

தாண்டவர் ஈர வேட்டியோடு அப்படியே கழிக்கரையில் இருந்த காத்தமுத்து வீட்டுக்கு நடந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார். அம்மை குளத்து மதகருகே இருந்தார். தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

"கோபமான்னு கேட்டேன். அதெல்லாம் இல்லைங்க சாமின்னார்."

"சரி."

"என் மேல அடிக்கிற நாத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. உக்காரச் சொன்னார். நீங்க சைவமாச்சேன்னு பக்கத்து வீட்டுல புதுச் சட்டி வாங்கி, சோறு வடிச்சு, மோர் ஊத்தினார்." தாண்டவர் மதகுக் கல்லில் உட்கார்ந்தார். "அதை முழுங்க முடியலை தாயே. எனக்காகச் சட்டி மாத்தினார். நான் அவருக்காக ஒரு இலையை விட்டுவைக்கலை."

அம்மை மதகில் ஒதுங்கிய பாசியைக் கையால் விலக்கினார்.

"பந்திக்கு வாங்கன்னேன். பாக்கலாம் சாமின்னார். அவர் வராமலே போயிட்டா?"

"அந்த இலை காலியாக் கிடக்கும்," என்றார் அம்மை. "தினமும் நீங்க அதுக்கு எதிர் இலையில உக்காருங்க."